தெருமுனை மருத்துவ நிலையம்



தமிழில் ‘தொழில்’ என்று ஒரு சொல் இருக்கிறது. உழவும் தொழில், வாணிகமும் தொழில், வழக்கறிஞர் செய்வதும் தொழில், மருத்துவர் செய்வதும் தொழிலே. ஆங்கிலத்திலோ வாணிகத்துக்கு ஒரு சொல்லும், கற்றறிந்தோர் மேற்கொள்ளும் பணிக்கு வேறொரு சொல்லும் உண்டு. மத்திய அரசின் சட்டங்களையும் விதிகளையும் தமிழில் பெயர்ப்பதே பிழைப்பாகக் கொண்ட என் போன்றவனுக்கு இந்த ஒற்றைச் சொல் பலமுறை இடர் தந்ததுண்டு. ஆயினும் ஒரு சிறு மருத்துவ நிலையத்தைத் தொடங்கி நடத்துவது பற்றிப் பேச வரும்போது, நம் மொழி இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியிருப்பது பொருத்தமாகவே படுகிறது. அந்த நிலையத்துக்குள் வாணிகமும் இருக்கிறது. வாணிகம் அல்லாத ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மனிதர் ஒரே நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நீதிமன்றங்களுக்கும் இந்தச் சிக்கல் தோன்றியதுண்டு. குஜராத்தில் ஒரு மருத்துவர் தம் மருந்தகத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படிப் பதிவேடு வைக்கவில்லை என்று வழக்குத் தொடரப்பட்டது. அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒருவர் தம் சொந்தக் கல்வியையும் திறமையையும் கொண்டு நடத்தும் மருந்தகம் அச்சட்டத்தின் பொருளில் வணிக நிறுவனம் ஆகாது என்று 1968-இல் தீர்ப்பாயிற்று. 27 ஆண்டுகள் கழித்து, 1995-இல், இந்திய மருத்துவ சங்கத்துக்கும் வி. பி. சாந்தாவுக்கும் இடையே நடந்த வழக்கில் அதே நீதிமன்றம், கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் ஒரு சேவையே என்றும், நோயாளி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்காடலாம் என்றும் கூறிற்று. ஆக, அந்த அறை கடை அன்று. ஆயினும் அங்கே வருபவர் வாடிக்கையாளருக்குரிய உரிமைகளோடு வருகிறார். பிற்காலத்தில் சில மாநிலங்கள் இதையும் மாற்றின. மகாராஷ்டிரத்தின் 2017-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம் மருத்துவரின் நிலையத்தையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது.

இந்தப் பேச்சை வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழ் நேயர்களுக்கென்று அமைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மாட்டுங்காவிலும் கரோல்பாகிலும் அல்சூரிலும் வேரூன்றிய நம் குடும்பங்களில் முன்பெல்லாம் பிள்ளைகள் அரசாங்க உத்தியோகத்துக்கோ வங்கிக்கோ போனார்கள். இப்பொழுது வீட்டுக்கொரு எம்.பி.பி.எஸ். என்று சொல்லும்படி இல்லாவிட்டாலும், தெருவுக்கொருவர் இருக்கின்றனர். அவர்களுள் எல்லோருக்கும் மேற்படிப்புக்கு இடம் கிடைப்பதில்லை. எல்லோரும் பெரிய மருத்துவமனைகளில் இரவுப்பணி பார்த்துக் காலங்கழிக்க விரும்புவதும் இல்லை. ‘சொந்தமாக ஒரு கிளினிக் வைத்தால் என்ன?’ என்ற கேள்வி எழுகிறது. குடும்பத்தில் வாணிகம் தெரிந்தவர் ஒருவரும் இரார். சேமிப்பு, நகை, ஓய்வூதியப் பணம் ஆகியவற்றை எடுத்து முதல் போடுவோர் பெற்றோரே.

என் தமக்கையின் மகன் அப்படி ஒரு நிலையத்தை டில்லியின் தென்மேற்குப் பகுதியில் ஒரு குடியிருப்பின் கடைவீதி ஓரத்தில் தொடங்கினான். வரவு செலவுக் குறிப்பேடு எழுதும் வேலையை என்னிடம் ஒப்படைத்தான். கலைப் பட்டதாரியாகிய எனக்குக் கணக்கு வராது என்று சொல்லிப் பார்த்தேன். “மாமா, உங்களுக்குக் கணக்கு வராதது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் ஒரு வரியையும் விட்டுவிடாமல் எழுதுவீர்கள், அது போதும்” என்றான். மொழிபெயர்ப்பாளனுக்கு அதைவிடச் சிறந்த நற்சான்று கிடைக்காது. அந்தக் குறிப்பேட்டைக் கொண்டும், அலுவலில் கண்ட விதிகளைக் கொண்டும்தான் இப்பொழுது பேசுகிறேன்.

முதலில் இடம். இடத்தைத் தேடுபவர்கள் பெரும்பாலும் வாடகையைப் பார்க்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது, அங்கே குடியிருப்போருக்கு வைத்தியம் வேறெங்கிருந்து கிடைக்கிறது என்பதை. மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளில் 1954-ஆம் ஆண்டு டில்லியில் தொடங்கிய மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் நிலையங்கள் இருக்கின்றன. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மருந்து அங்கேயே கிடைக்கிறது. ஆகவே எங்கள் போன்றோர் வாழும் பகுதியில் நிலையம் வைத்தால், இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்தான் கதவைத் தட்டுவார்கள். ஆலைத் தொழிலாளர் மிகுந்த இடமாயின் தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தின் மருந்தகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை இரண்டுக்கும் உட்படாத மக்கள் எங்கே அதிகம்? சிறு கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், வீட்டு வேலை செய்யும் பெண்கள், கட்டட வேலையாட்கள் ஆகியோர் வாழும் இடங்களில்தான். அவர்களுக்கு அரசாங்க மருத்துவமனை இலவசம். ஆனால் அங்கே போனால் அன்றைய கூலி போய்விடும். 200 ரூபாய் கட்டணம் 600 ரூபாய்க் கூலியைவிடக் குறைவு என்ற எளிய கணக்கே சிறு மருத்துவ நிலையத்தை வாழவைக்கிறது. ஆதலின் அந்நிலையம் மாலை 6 மணிக்கு மேல் திறந்திருத்தல் இன்றியமையாதது.

தரைத்தளமாக இருக்க வேண்டும். மூச்சுத் திணறுபவர் மாடி ஏற மாட்டார். அருகில் ஒரு மருந்துக் கடை இருத்தல் நல்லது. ஆனால் அக்கடைக்குள்ளேயே மேசை போட்டு உட்காருவது நல்லதன்று. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து, பதிவு. இங்கே நம்மவர் எளிதில் குழம்பிப்போவர். ஏனெனில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம். கர்நாடகத்தில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம். மேற்கு வங்காளத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். கேரளத்தில் 2018-ஆம் ஆண்டுச் சட்டம். மகாராஷ்டிரத்தின் 1949-ஆம் ஆண்டுச் சட்டமும், டில்லியின் 1953-ஆம் ஆண்டுச் சட்டமும் நர்ஸிங் ஹோம், அதாவது படுக்கை போட்டு நோயாளியைத் தங்கவைக்கும் இல்லம், பற்றியவை. இவற்றுக்கு மேலே நாடாளுமன்றம் 2010-இல் இயற்றிய மருத்துவ நிறுவனங்கள் சட்டம் ஒன்றுண்டு. அருணாசலப் பிரதேசம், இமாசலப் பிரதேசம், மிசோரம், சிக்கிம் ஆகிய நான்கு மாநிலங்களிலும் டில்லி நீங்கலான மத்திய ஆட்சிப் பகுதிகளிலும் அது 2012-இல் நடைமுறைக்கு வந்தது. பிறகு ராஜஸ்தான், பீகார், ஜார்கண்ட், அஸ்ஸாம் முதலிய மாநிலங்கள் அதை ஏற்றுக்கொண்டன. அச்சட்டத்தின்படி ஒரே மருத்துவர் நடத்தும் படுக்கையில்லாத அறையும் பதிவுக்குரியதே. முதலில் ஓராண்டுக்குத் தற்காலிகப் பதிவு. பிறகு ஐந்தாண்டுக்கு நிரந்தரப் பதிவு. கட்டண விவரத்தை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். சொந்த ஊரில் உறவினர் ஒருவர் எப்படிச் செய்தார் என்று கேட்டு, அதையே இங்கும் செய்யலாம் என்று எண்ணிவிடக் கூடாது. மாவட்ட சுகாதார அதிகாரியின் அலுவலகத்தில் நேரில் சென்று கேட்பதே வழி.

மருத்துவருடைய சொந்தப் பதிவும் அப்படியே. தமிழ்நாட்டில் படித்துப் பதிவு செய்துகொண்டு வந்தவர், தடையில்லாச் சான்றிதழ் பெற்றுத் தாம் தொழில் நடத்தும் மாநிலத்தின் மருத்துவக் கவுன்சிலில் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதிவு எண் சுவரிலும், மருந்துச் சீட்டிலும், ரசீதிலும் இருத்தல் வேண்டும். பெயர்ப்பலகை பற்றிக்கூட விதி உண்டு. 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நன்னடத்தை விதிகள், வழக்கத்துக்கு மிஞ்சிய பெரிய பலகை வைப்பது தகாது என்கின்றன. பெயர், பட்டம், துறை, பதிவு எண் ஆகியவற்றோடு பலகை நின்றுவிட வேண்டும். நிலையம் திறந்த செய்தியைப் பத்திரிகையில் அறிவிக்கலாம், கட்டணத்தையும் அறிவிக்கலாம், ‘நகரிலேயே தலைசிறந்த’ என்று போட்டுக்கொள்ளலாகாது. 2023-இல் புதிய விதிகள் வெளியிடப்பட்டு, அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. பழைய விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

இனிக் கணக்குக்கு வருவோம். எங்களுக்கு நோயாளியைப் படுக்கவைத்துப் பார்க்கும் கட்டில், இரத்த அழுத்தக் கருவி, ஈ.சி.ஜி. இயந்திரம், நெபுலைசர், சர்க்கரை பார்க்கும் கருவி, ஆக்ஸிஜன் உருளை, நாற்காலிகள், மின்சாரம் போனால் உதவும் இன்வெர்ட்டர், சுவருக்கு வெள்ளை ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 4 லட்சம் ரூபாய் ஆயிற்று. மூன்று மாத வாடகை முன்பணம் வேறு. வங்கியில் முத்ரா திட்டத்தில் 5 லட்சம் கடன் வாங்கினான். 2015-இல் தொடங்கிய அத்திட்டத்தில் ஈடு இல்லாமல் 10 லட்சம் வரை கடன் பெறலாம். அந்த மேல்வகைக் கடனை வாங்கிச் செவ்வையாக அடைத்தவருக்கு 2024 முதல் 20 லட்சம் வரை உண்டு. கடன் கருவிகளுக்குப் போயிற்று. நிலையம் தன் காலில் நிற்கும் வரை ஓட்டுவதற்கான கையிருப்பு, என் தமக்கை தன் வளையல்களை அடகு வைத்துப் பெற்ற இரண்டரை லட்சம்.

மாதச் செலவு இப்படி இருந்தது. வாடகை 22,000, உதவியாளர் இருவர் சம்பளம் 26,000, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி 5,000, துப்புரவு, கழிவு அகற்றுதல், அச்சு 4,000, கடன் தவணை 13,000. ஆக 70,000 ரூபாய். மாதத்தில் 26 நாள் திறந்தால், நாளொன்றுக்கு 2,700 ரூபாய் வந்தால்தான் கதவைத் திறந்த செலவு தேறும். கட்டணம் 200 ரூபாய் ஆதலின், நாளைக்கு 14 நோயாளிகள் வேண்டும். அதற்குப் பிறகு வரும் பதினைந்தாவது நோயாளியிடமிருந்துதான் மருத்துவருக்கு முதல் ரூபாய் வருகிறது. அதுவும் முழுக் கணக்கன்று. ஒரு வாரத்துக்குள் மீண்டும் வந்தால் கட்டணமில்லை என்பது எங்கும் உள்ள வழக்கம். ஐவரில் ஒருவர் அப்படி வருவதாக வைத்துக்கொண்டால், 14 அன்று, 17 பேரைப் பார்த்தாக வேண்டும்.

முதல் மாதம் நாளைக்கு நான்கு பேர் வந்தார்கள். ஆறு மாதத்தின் சராசரி ஏழு. மாதந்தோறும் 33,600 ரூபாய் பற்றாக்குறை. ஆறு மாதத்தில் 2 லட்சத்துக்குச் சற்று மேல். எவரும் நோயாளி இல்லாத அறையில் ஒரு மருத்துவர் காலை மூன்று மணி நேரம், மாலை மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பது பார்க்கச் சகிக்காது. நான் ஞாயிறுதோறும் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போவேன். என் தமக்கை ஒன்றும் கேட்க மாட்டாள். காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, திறந்திருக்கும் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவாள். சிறு மருத்துவ நிலையம் பற்றி யோசிப்பவர்களுக்கு என் முதல் விண்ணப்பம் இதுவே: கருவி வாங்கும் பணத்தையும், காத்திருக்கும் பணத்தையும் தனித்தனியே எடுத்து வையுங்கள். முன்னதற்குக் கடன் கிடைக்கும், பின்னதற்குக் கிடைக்காது. காத்திருக்கும் பணம் இல்லாமற்போகும்போதுதான் மருத்துவரைத் தேடி வேறு சிலர் வருகின்றனர்.

அவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஐந்தாவது மாதம் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்த சமயம், ஒரு பரிசோதனை நிலையத்தின் ஆள் வந்து ஓர் உறையை மேசைமேல் வைத்தார். அந்த மாதம் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிய நோயாளிகளின் பேரில் மருத்துவருக்குச் சேர வேண்டிய பங்கு என்றார். உள்ளே ஏறத்தாழ ஒரு தவணைப் பணம் இருந்தது. வேண்டுமென்று கேட்டதன்று, வழக்கமாக எல்லோருக்கும் தருவது என்றே அவர் சொன்னார். 2002-ஆம் ஆண்டு விதிகள் இதைத் தெளிவாகத் தடை செய்கின்றன: நோயாளியை அனுப்பியதற்காகப் பங்கோ, தள்ளுபடியோ, அன்பளிப்போ கொடுக்கவும் கூடாது, பெறவும் கூடாது. ஆனால் விதி இருக்கிறது என்பதனால் உறை வராமல் இருப்பதில்லை. அதில் உள்ள தீங்கு, ஒருமுறை பணம் வாங்குவதோடு நிற்பதன்று. அடுத்த மாதம் இன்னோர் இளைஞனுக்குச் சாதாரணக் காய்ச்சல் வரும்போது, ‘எதற்கும் ஒரு பரிசோதனை பார்த்துவிடலாமே’ என்ற எண்ணம் மருத்துவ அறிவிலிருந்து எழுகிறதா, உறையிலிருந்து எழுகிறதா என்று மருத்துவருக்கே தெரியாமற் போய்விடும்.

மருமகன் உறையைத் திருப்பிக் கொடுத்து, “இந்தப் பங்கை எனக்குத் தர வேண்டாம், நான் அனுப்புகிறவர்களின் ரசீதில் கழித்துவிடுங்கள்” என்றான். அந்த நிலையத்தார் இசையவில்லை. கணக்கு முறை இடங்கொடாது என்று சொல்லிவிட்டனர். வேறொரு சிறு நிலையத்தார் இசைந்தனர். நோயாளி 900 ரூபாய் கொடுத்த பரிசோதனைக்கு அங்கே 630 ரூபாய் ஆயிற்று. இச்செய்தி தெருவில் பரவியது. நாற்பது பலகைகள் எழுதி மாட்டியிருந்தாலும் அவ்வளவு பரவியிராது. இதைக் கேட்டு, நேர்மை உடனே இலாபம் தரும் என்று நான் சொல்லுவதாக நினைக்க வேண்டா. அந்த மாதமும் அடுத்த மாதமும் பற்றாக்குறையே. நேர்மையாக இருப்பதற்கும் ஆறு மாதக் கையிருப்பு தேவைப்பட்டது என்றே சொல்கிறேன். மருந்துக் கடைக்குள் மேசை போட்டு உட்காருவது நல்லதன்று என்று முன்பு கூறியதற்கும் காரணம் இதுவே. வாடகை வாங்காத கடைக்காரர் அதை மருந்துச் சீட்டில் வசூலிப்பார். அன்றியும், தாம் வசிக்காத அல்லது பணி செய்யாத இடத்தில், மருந்துக் கடையில் கூட, பலகை மாட்டுவது தகாது என்றும் அதே விதிகள் கூறுகின்றன.

இரண்டாவது நெருக்கடி நோயாளிகளிடமிருந்தே வருகிறது. ‘ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர்?’ என்ற எண்ணம் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை பொதுவானது. களைப்பு என்று வருபவர் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லுகிறார். வைரஸ் காய்ச்சலுக்கு ஊசியும் வேண்டா, ஆன்டிபயாட்டிக்கும் வேண்டா. தண்ணீரும் ஓய்வும் பாராசிட்டமாலும் போதும். ஆனால் வெறும் பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தால், 200 ரூபாய்க்கு இதுதானா என்று நினைத்து, அடுத்த தெருவில் பட்டமில்லாத ஒருவரிடம் போய் ஊசி போட்டுக்கொள்கிறார். 2018-இல் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்துப் பாங்கர்மாவ் பகுதியில் பலருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்தியதாக ஒரு போலி மருத்துவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. மலிவாக ஊசி போட்டுக்கொண்ட ஏழைகளே துன்புற்றவர்கள். இதை நோயாளியிடம் சொல்ல நேரம் ஆகும். பத்து நிமிடத்துக்கு ஒருவர் என்றால் ஆறு மணி நேரத்தில் 36 பேரைப் பார்க்கலாம். மூன்று நிமிடத்துக்கு ஒருவர் என்றால் நூற்றுக்கு மேல் பார்க்கலாம். ஆனால் மூன்று நிமிடத்தில் ஊசிதான் போட முடியும், விளக்கம் சொல்ல முடியாது. நான் பார்த்தவரையில் சிறு நிலையத்தின் தரத்தை இந்த ஒரு கணக்கே முடிவு செய்கிறது. மருமகன் ஒரு வழி கண்டான். இரத்த அழுத்தம் பார்த்து, நாக்கும் தொண்டையும் பார்த்து, கண்டதை நோயாளியின் மொழியிலேயே ஒரு சீட்டில் எழுதி, ‘மூன்றாம் நாள் காய்ச்சல் நிற்காவிட்டால் கட்டணமில்லாமல் வாருங்கள்’ என்று கையில் கொடுப்பான். ஊசி கிடைக்காதவருக்கும் கையில் ஏதோ ஒன்று கிடைத்த நிறைவு உண்டாகிறது.

மருந்தை மருத்துவரே கொடுக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். மும்பையின் தொழிலாளர் பேட்டைகளில் கட்டணமும் மருந்தும் சேர்த்து வாங்கும் டிஸ்பென்சரிகள் நெடுங்காலமாக உண்டு. மருந்துகள் விதிகளின் கே அட்டவணைப்படி, பதிவுபெற்ற மருத்துவர் தம் சொந்த நோயாளிக்கு மருந்து கொடுக்கத் தனி உரிமம் வேண்டுவதில்லை. ஆனால் கடை திறந்து பொதுமக்களுக்கு விற்கலாகாது. இம்முறையில் நன்மையும் உண்டு, ஏழைக்கு அலைச்சல் இல்லை. ஆயினும் பெயரில்லாப் பொட்டலத்தில் நான்கு நிற மாத்திரை கொடுப்பது அந்த நோயாளிக்குத் தீங்கு. நாளை வேறு மருத்துவரிடம் போனால், தான் என்ன சாப்பிட்டான் என்று அவனால் சொல்ல இயலாது. கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ப இரண்டு நாளைக்கு மட்டும் ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்புவது அவனுக்கு மட்டுமன்று, ஊருக்கே தீங்கு. அட்டைமேல் செங்குத்தாகச் சிவப்புக் கோடு போட்ட மருந்தை மருத்துவர் சீட்டில்லாமல் உட்கொள்ளக்கூடாது என்று 2016 முதல் அரசாங்கமே விளம்பரம் செய்து வந்திருக்கிறது.

உதவியாளர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் தேர்ச்சி பெற்ற செவிலியராக இருத்தல் வேண்டும். மற்றவருக்கு முகமலர்ச்சி போதும். கம்பவுண்டராகப் பத்தாண்டு பழகியவர் மருத்துவர் இல்லாத வேளையில் தாமே மருத்துவராகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கழிவு விஷயத்தில் சிறிய நிலையத்துக்கும் பெரிய மருத்துவமனைக்கும் ஒரே சட்டம். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெறுதல் வேண்டும்; படுக்கை இல்லாத நிலையத்துக்கு ஒரு முறை பெற்றால் போதும். இரத்தம் படிந்த பஞ்சு மஞ்சள் பையில். பிளாஸ்டிக் குழாயும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் சிவப்புப் பையில். ஊசியும் கத்தியும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடிக் குப்பி நீலப் பெட்டியில். 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது. வெள்ளைப் பெட்டி இல்லையானால் அந்த ஊசி குப்பை பொறுக்கும் சிறுவனின் விரலில் ஏறும். பெரும்பாலும் அவன் அதே நிலையத்துக்கு நோயாளியாக வருபவனே.

2010-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லோடு நான் நெடுநேரம் போராடினேன். அவசர நிலையில் வரும் நோயாளியை எந்த மருத்துவ நிறுவனமும், தன்னிடமுள்ள ஆட்களுக்கும் வசதிக்கும் உட்பட்டு, ‘ஸ்டெபிலைஸ்’ செய்ய வேண்டும் என்கிறது அது. குணப்படுத்த வேண்டும் என்று பெயர்த்தால் சட்டம் சொல்லாததைச் சொன்னதாகும். முதலுதவி என்றால் போதாது. வேறிடத்துக்குக் கொண்டு செல்லும் வழியில் நிலைமை மேலும் கெடாதிருக்கத் தேவையான சிகிச்சை என்பதே அதன் பொருள். ‘நிலைப்படுத்தல்’ என்று எழுதி, விளக்கமும் சேர்த்தேன். ஒரு மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு டாக்ஸி ஓட்டுநர் வந்தபோது அதன் பொருள் எனக்கு விளங்கிற்று. ஈ.சி.ஜி. எடுத்து, ஆஸ்பிரின் கொடுத்து, 112-ஐ அழைத்து, பெரிய மருத்துவமனைக்கு முன்கூட்டியே சொல்லி, படத்தையும் கையில் கொடுத்து அனுப்ப 14 நிமிடம் ஆயிற்று. வெளியே அமர்ந்திருந்த ஏழு பேரும் முணுமுணுக்காமல் காத்திருந்தனர். அந்த ஈ.சி.ஜி. இயந்திரத்தை வாங்கும்போது, ‘இப்பொழுதே எதற்கு?’ என்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதியவர் உண்டு. யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. வெளி மாநிலத்தில் தமிழ் அறிந்த மருத்துவர் இருப்பது நம்மவர்க்குப் பெரிய ஆறுதல். கட்டட வேலைக்கு வந்த நம் பெண்மணி ஒருத்தி ‘எனக்குச் சூடு பிடித்துக்கொண்டது’ என்பாள். காய்ச்சல் அன்று, நீர்க்கடுப்பு. உடன் வந்த ஆள் அதை ‘கர்மி’ என்று இந்தியில் பெயர்த்தால் வெப்பம் என்றும் ஆகும். மேகநோய் என்ற வழக்குப் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. அந்தப் பெண் எதற்கு வந்தாள், எதற்குச் சிகிச்சை பெறுவாள் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் தமிழர் கூட்டத்தை மட்டும் நம்பி நிலையம் நடத்த முடியாது. மருமகனிடம் வருபவர்களில் நம்மவர் பத்தில் ஒருவர் இருக்கலாம். மற்றவர் பீகாரிகள், ராஜஸ்தானத்தார், கேரளத்துச் செவிலியர் குடும்பங்கள். ஆகவே மருத்துவர், பீகார்ப் பெண் தன் வயிற்றுவலியை எப்படிச் சொல்வாள் என்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும். அது பாடப் புத்தகத்து இந்தியில் இராது.

பதினோராவது மாதத்தில் சராசரி 17-ஐத் தொட்டது. இப்பொழுது 24. வளையல்கள் இன்னும் வங்கியில்தான் இருக்கின்றன. தீபாவளிக்குள் மீட்டுவிடலாம் என்பது குறிப்பேடு சொல்லும் செய்தி.

நோயாளிகளாகிய நேயர்களுக்கு ஒரு சொல். பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குப் புறப்படுகிறீர்கள். இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிடுகிறவராயின், ரயிலேறும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தின் வணிகப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். அம்லோடிபின், மெட்ஃபார்மின் போன்ற பொதுப் பெயர் மாறாது. பொதுப் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இல் திருத்திய விதியே கூறுகிறது. மருமகனின் மேசைமேல் அதற்கென்று அச்சிட்ட சீட்டுக் கட்டு ஒன்று இருக்கிறது. அதன் கீழ்ப்பாதியில் தமிழில், எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று மூன்று கட்டங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறுமுன் அதை வாங்கிக்கொண்டு போக வருபவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை.